வேளை தவறிய விளக்கம்: ஓபி-வான் கெனோபி என்னும் ஆசானைக் குறித்து

ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம் எதை மறைக்கலாம், மறைத்ததை எப்போது சொல்லியாக வேண்டும் என்னும் வினா பழமையானது. ஓதிக் கொடுக்கும் பணியில் சில ஆண்டுகள் கழித்த எவருக்கும் அது ஏட்டு வினாவாக மட்டும் இருந்துவிடுவதில்லை. இவ்வினாவை ஒரு திரைப்படப் பாத்திரத்தை முன்வைத்து ஆராய நாம் முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆகவே அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

பலாகா எனப்படும் அரபு அணியியல் பாடத்தில், 'தவ்ரியா' என்னும் இரட்டுற மொழிதலை நாம் விளக்கிக் கொண்டிருந்த ஒரு நாள், இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் முதியவர் தம் மாணவனிடம் சொன்னது மஜாஸா, தவ்ரியாவா, பொய்யா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாம் அப்படத்தைப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டோம். பின்னர் ஆண்டு விடுமுறையில் அவ்வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று என்பது விளங்கிற்று. இக்கட்டுரை அம்மாணவருக்கு நாம் அன்று சொல்லாத விடையாகும்.

பாலை முதியவர்

ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' 1977 மே மாதம் அமெரிக்காவில் வெளியாயிற்று. அது விண்வெளியில் நிகழும் கற்பனைக் கதை. பேரரசு ஒன்று அண்டத்தை அடக்கியாள, சிறு கூட்டமொன்று அதனை எதிர்த்துப் போராடுகிறது. முன்னர் நீதியைக் காத்து நின்ற 'ஜெடை' என்னும் வீரத்துறவியர் அழிக்கப்பட்டுவிட்டனர். எஞ்சிய ஒருவர் டாட்டூயின் என்னும் பாலைக் கோளில் பென் என்ற பெயரில் ஒதுங்கி வாழ்கிறார். அவரே ஓபி-வான் கெனோபி. அக்கோளில் தன் சிற்றப்பனின் பண்ணையில் வளரும் லூக் ஸ்கைவாக்கர் என்னும் 19 வயது இளைஞன் அவருக்கு மாணவனாகிறான்.

அரபு படித்தோர்க்கு இம்முதியவர் முற்றிலும் அந்நியராகத் தோன்றார். டாட்டூயின் என்னும் பெயரே தென் துனீசியாவிலுள்ள தத்தாவீன் நகரின் பெயரிலிருந்து பிறந்தது. படப்பிடிப்பு 1976 மார்ச் மாதம் துனீசியாவில்தான் தொடங்கிற்று. ஷத்துல் ஜரீத் உப்புவெளியும், மத்மாதாவில் பெர்பர் மக்கள் நிலத்தைக் குடைந்து அமைத்த வீடுகளும், ஜெர்பா தீவின் அஜீம் ஊரும் அப்படத்தில் இடம்பெற்றன. கெனோபியின் குடிலாகக் காட்டப்படும் வெண்ணிறக் கட்டடம் அஜீமுக்கு அருகே கடலோரத்தில் உள்ளது. அவர் அணிந்துவரும் முக்காடிட்ட பழுப்பு அங்கி, மக்ரிபு நாட்டார் அணியும் புர்னூஸை நினைவூட்டும்.

அப்பாத்திரத்தை ஏற்றவர் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் (1914 - 2000). இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் இளவரசர் ஃபைஸலாக நடித்தவரும் இவரே. அரபு இளவரசராக நடித்துப் 15 ஆண்டுகள் கழித்து மீண்டும் அவர் பாலை மணலில் அங்கியோடு தோன்றியபோது, அவருடைய நிதானத்துக்கும் குரலுக்கும் பார்வையாளர் முன்னரே பழகியிருந்தனர். கெனோபியாக நடித்தமைக்கும் அவர் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இவர் சொல்வது மெய்யாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுமாறு அமைந்த முகம் அவருடையது. நம் ஆய்வுக்கு இது முக்கியமானது.

குடிலில் சொன்னது

லூக் தன் தந்தையைப் பற்றி அறிய விரும்புகிறான். தந்தை சரக்குக் கப்பலில் பணியாற்றியவர் என்றே சிற்றப்பன் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கெனோபி அதனைத் திருத்துகிறார். அவன் தந்தை ஒரு ஜெடை வீரர். தமக்கு உற்ற நண்பர். அவர் விட்டுச் சென்ற ஒளிவாளை எடுத்து மகனின் கையில் கொடுக்கிறார். அவர் எவ்வாறு இறந்தார் என்று லூக் கேட்கிறான். கெனோபி ஒரு கணம் தயங்குகிறார். பின்னர், தம்மிடம் பயின்று தீமையின் பக்கம் சென்ற டார்த் வேடர் என்னும் இளைஞன் அவரைக் காட்டிக்கொடுத்துக் கொன்றான் என்று சொல்கிறார்.

1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தின் முடிவில், வேடர் லூக்கின் கையைத் துண்டித்த பிறகு, தானே அவனுடைய தந்தை என்று அறிவிக்கிறான். உண்மை பகைவனின் வாயிலிருந்து வருகிறது. உயிர் தப்பிய லூக் அப்போது வேடரைச் சபிக்கவில்லை. இறந்துபோன தன் ஆசானைப் பெயர்சொல்லி அழைத்து, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறான். இவ்வரிசைப் படங்கள் அனைத்திலும் நம்மை மிகவும் தைத்த இடம் இது. கையிழந்த நோவைவிட ஆசானின் சொல் பொய்த்த நோவே அவனுக்குப் பெரிதாக இருக்கிறது.

இனி, எழுதியவர் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். 1977 படத்தில் கெனோபி அச்சொற்களைச் சொன்னபோது அவை கதைக்குள் முழு உண்மையாகவே இருந்தன என்று கருத வலுவான காரணம் உண்டு. இரண்டாம் படத்துக்கு லீ பிராக்கெட் என்னும் எழுத்தாளர் 1978இல் எழுதிய முதல் வரைவில், லூக்கின் தந்தையும் வேடரும் இருவேறு ஆள்கள். தந்தை ஆவியுருவில் தோன்றுகிறார். பிராக்கெட் அவ்வாண்டு மார்ச் மாதம் காலமானார். அதன்பின் லூகாஸ் தாமே எழுதிய வரைவில்தான் இருவரும் ஒருவராயினர். ஆகவே கின்னஸ் குடிலில் தயங்கிய அந்த ஒரு கணம், நண்பரின் மரணத்தை மகனிடம் சொல்ல நேர்ந்தவரின் தயக்கம். பிற்காலத்தில் அதே தயக்கத்தை உண்மையை விழுங்குபவரின் தயக்கமாக நாம் பார்க்கிறோம். நடிகர் அறியாத பொருள் நடிப்பில் பின்னர் வந்து குடியேறியது.

புதிய திருப்பம் படப்பிடிப்பின்போதும் மறைக்கப்பட்டது. வேடரின் உடையணிந்து நடித்த டேவிட் பிரவுஸிடம், ஓபி-வானே உன் தந்தையைக் கொன்றார் என்னும் பொய்யான வசனம் கொடுக்கப்பட்டது. மெய்யான வசனம் பின்னர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் சேர்க்கப்பட்டது. இரகசியம் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் விலையைப் பாத்திரம் செலுத்த வேண்டியதாயிற்று. கதாசிரியர் மனத்தை மாற்றினார். பொய்யர் என்னும் பெயர் கெனோபிக்கு வந்தது.

மஜாஸா, தவ்ரியாவா?

1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் கெனோபி ஆவியுருவில் வந்து மாணவனுக்கு விளக்கம் தருகிறார். அனக்கின் ஸ்கைவாக்கர் தீமைக்கு அடிபணிந்து வேடராக மாறியபோது, நல்லவனாயிருந்த அந்த மனிதன் அழிந்துபோனான். ஆகவே தாம் சொன்னது ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் உண்மையே என்பது அவர் வாதம். லூக் அதை ஏற்றுக்கொண்டவனாகத் தெரியவில்லை.

இவ்வாதத்தை அணியியலின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளில் ஆள்வது ஹகீகத். தொடர்பு கருதி வேறு பொருளில் ஆள்வது மஜாஸ். மஜாஸ் செல்லுபடியாவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, இரு பொருள்களுக்கும் இடையிலான உறவு. மற்றொன்று, நேர்ப்பொருள் கருதப்படவில்லை என்பதைக் கேட்போருக்கு உணர்த்தும் குறிப்பு. இதனைக் கரீனா என்பர். மிம்பரில் நின்று பேசும் சிங்கத்தைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், மிம்பரும் பேச்சும் கரீனாவாகி, அங்கு சிங்கம் என்றது வீரமிக்க மனிதரை என்று காட்டிவிடும். கரீனா இல்லாமல் சிங்கத்தைக் கண்டேன் என்று மட்டும் சொன்னால், கேட்பவர் ஓடத்தான் செய்வார்.

கெனோபியின் சொல்லில் உறவு உண்டு. தீமையில் விழுந்த மனிதனின் பழைய இயல்பு இறந்துவிட்டது என்பது ஏற்கத்தக்க உவமைதான். ஆனால் கரீனா இல்லை. தந்தையை அறியாத ஓர் இளைஞன், அவர் எப்படி இறந்தார் என்று கேட்கிறான். கொல்லப்பட்டார் என்று விடை வருகிறது. இதிலிருந்து நேர்ப்பொருளன்றி வேறெதையும் அவன் கொள்ள வழியே இல்லை. ஆகவே இது மஜாஸ் அன்று.

தவ்ரியா என்று கொள்ளலாமா? அண்மைப் பொருள் ஒன்றும் சேய்மைப் பொருள் ஒன்றுமாக இரு பொருள் தாங்கிய சொல்லைச் சொல்லி, அண்மைப் பொருளால் மறைத்துச் சேய்மைப் பொருளைக் கருதுவது தவ்ரியா. கெனோபி செய்தது ஏறத்தாழ இதுவே. இதற்குப் பாடநூல்கள் காட்டும் புகழ்பெற்ற சான்று ஹிஜ்ரத் பயணத்தில் நிகழ்ந்தது. உம்முடன் வருபவர் யார் என்று வழியில் கேட்டவர்களிடம், இவர் எனக்கு வழிகாட்டுபவர் என்னும் கருத்துப்பட அபூபக்ர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கேட்டவர்கள் பாலைவழி காட்டுபவர் என்று கொண்டனர். சொன்னவர் கருதியது நேர்வழி காட்டுபவர் என்று. வழிகாட்டி என்னும் தமிழ்ச்சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கக் காண்கிறோம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். ஹிஜ்ரத்தில் அச்சொல் துரத்துவோரிடமிருந்து ஓர் உயிரைக் காத்தது. கேட்டவர்கள் அதனால் எந்த உரிமையையும் இழக்கவில்லை. கெனோபியின் சொல்லோ பகைவனை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. தம்மை முற்றும் நம்பிய மாணவனை நோக்கிச் சொல்லப்பட்டது. இமாம் நவவீ (கி.பி. 1233 - 1277) அவர்கள் 'அல்அத்கார்' நூலில் இத்தகைய பேச்சை வகைப்படுத்துகிறார்கள். தக்க நலன் கருதியோ தவிர்க்க முடியாத தேவைக்காகவோ ஆளலாம்; அவையின்றி ஆள்வது வெறுக்கத்தக்கது; பிறர் உரிமையைத் தடுக்கும் கருவியாகுமாயின் விலக்கப்பட்டது என்பது அதன் சாரம். தன் தந்தை இன்னார், அவர் உயிரோடு இருக்கிறார் என்று அறிவது மகனின் உரிமை. அத்தந்தையை எதிர்த்து வாளேந்தப் போகும் மகனுக்கு அது இரட்டிப்பான உரிமை.

தேவையின் வேளை

கெனோபிக்காக வாதாடுவோர் கூறக்கூடியவற்றையும் கேட்க வேண்டும். குடிலில் அமர்ந்திருந்தவன் உலகறியாத இளைஞன். அண்டத்தின் கொடியவனே உன் தந்தை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவன் நொறுங்கியிருப்பான். அல்லது தந்தையைத் தேடிச் சென்று அவனும் வழிதவறியிருப்பான். குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இசைவு தந்திருக்கிறாரே என்றும் கேட்கலாம்.

இவ்வாதத்தின் முற்பகுதியை நாம் ஏற்கிறோம். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட எந்த ஆசிரியரும் கடமைப்பட்டவர் அல்லர். பாடங்களுக்கு வரிசை உண்டு. சிறு கிதாபுகள் முடியாமல் பெரிய கிதாபுகளை எவரும் திறந்து வைப்பதில்லை. ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். விளையும் நன்மையில் குற்றம் கலந்திருத்தல் ஆகாது. இங்கு விளைந்தது என்ன என்பதை அறுபட்ட கை காட்டுகிறது.

உஸூலுல் ஃபிக்ஹ் என்னும் சட்ட மூலவியலில் ஒரு விதி உண்டு. விளக்கத்தைத் தேவையின் வேளை வரை தள்ளிவைப்பது ஆகுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆயின், தேவையின் வேளையைக் கடந்தும் விளக்கத்தைத் தள்ளிப்போடுவது கூடாது என்பதே விதி. ஒருவர் ஒரு செயலைச் செய்யக் கடமைப்பட்டு நிற்கும் கணத்தில், அச்செயலுக்கு வேண்டிய விளக்கம் அவர் கையில் இருந்தாக வேண்டும்.

இவ்விதியைக் கொண்டு நோக்கினால், கெனோபியின் பிழை குடிலில் நிகழவில்லை என்பது தெரியும். அது இரண்டாம் படத்தில், டகோபா என்னும் சதுப்புக் கோளில் நிகழ்கிறது. அங்கு யோடா என்னும் மூத்த ஆசானிடம் லூக் பயில்கிறான். நண்பர்கள் வேடரிடம் சிக்கியிருப்பதை உணர்ந்து பாதியிலேயே புறப்படுகிறான். கெனோபி ஆவியுருவில் வந்து தடுக்கிறார்; யோடாவும் தடுக்கிறார். பயிற்சி முடியவில்லை என்கிறார்கள். வேடரை எதிர்கொண்டால் தனியே எதிர்கொள்ள நேரும் என்று எச்சரிக்கிறார்கள். இத்தனையும் சொன்ன இருவரும் சொல்ல வேண்டிய அந்த ஒன்றைச் சொல்லவில்லை. அதுவே தேவையின் வேளை. அவன் கப்பலில் ஏறிப் போய்விட்டான். ஆசான்கள் விட்ட வெற்றிடத்தைப் பகைவன் நிரப்பினான். மாணவனுக்கு உரிய உண்மையை ஆசிரியர் உரிய நேரத்தில் சொல்லாதுவிடின், அதனைப் பிறர் சொல்வர். அவர்கள் தம் நோக்கத்துக்கு ஏற்பச் சொல்வர்.

இவ்விடத்தில் மூஸா (அலை), கிள்ரு (அலை) ஆகியோரின் வரலாறு நம் வாசகர்க்கு நினைவு வராமல் இராது. கிள்ரும் மறைத்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் மறைத்தது உண்மை. ஆனால் மறைக்கப் போவதை முன்கூட்டியே சொல்லி, தாமாகச் சொல்லும்வரை கேட்கலாகாது என்று நிபந்தனை விதித்தே உடன் அழைத்துச் சென்றார்கள். படகையும் சிறுவனையும் சுவரையும் குறித்து எதையும் திரித்துச் சொல்லவில்லை. மூஸாவின் கையால் எதையும் செய்விக்கவுமில்லை. செய்தவை அனைத்தும் தம் கையாலேயே செய்தார்கள். பிரியும் வேளையில் ஒவ்வொன்றையும் விளக்கினார்கள். கெனோபியின் வழியோ இதற்கு நேர்மாறானது. தாம் மறைப்பதையே அவர் மறைத்தார். செயலை மாணவனின் கையில் ஒப்படைத்தார். விளக்கத்தை எல்லாம் முடிந்தபின் தந்தார்.

பழகிப்போன மறைப்பு

1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் லூகாஸ் இயக்கிய மூன்று முன்கதைப் படங்கள் இளைய கெனோபியைக் காட்டுகின்றன. யூவன் மெக்ரெகர் அப்பாத்திரத்தை ஏற்றார். அவருடைய ஆசான் குவை-கான் ஜின் களத்தில் மடிகிறார். உயிர் பிரியுமுன், சிறுவன் அனக்கினுக்குப் பயிற்சியளிக்குமாறு வாக்குப் பெறுகிறார். யோடா உடன்படவில்லை; ஆயினும் ஜெடை அவை அனுமதிக்கிறது. நேற்றுவரை மாணவராயிருந்தவர் இன்று ஆசானாகிவிடுகிறார். நம் மரபில் இஜாஸத் என்னும் அனுமதி ஒருவர் கற்றதை மட்டுமன்று, கற்பிக்கத் தகுதி பெற்றதையும் குறிக்கும். கெனோபிக்கு அத்தகுதி கற்பித்தலால் வந்ததன்று. இறப்பவருக்குக் கொடுத்த வாக்கால் வந்தது. 1983 படத்தில் அவரே இதனை ஒப்புக்கொள்கிறார். யோடாவைப் போல் தம்மாலும் பயிற்றுவிக்க முடியும் என்று எண்ணியதாகவும், அவ்வெண்ணம் தவறாயிற்று என்றும் லூக்கிடம் சொல்கிறார். முன்னே கூறிய சாமர்த்தியமான வாதத்தைவிட இந்த ஒப்புதல் பன்மடங்கு மதிப்புடையது. இரண்டும் ஒரே உரையாடலில் அடுத்தடுத்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை.

2005 படத்தில் ஒரு சிறு காட்சி. பேரவைத் தலைவரை உளவு பார்த்துச் சொல்லுமாறு ஜெடை அவை அனக்கினை ஏவ விரும்புகிறது. அதை அவையில் வெளிப்படையாகச் சொல்லாமல், தனியே சந்தித்துச் சொல்லும் பணி ஆசானிடம் விடப்படுகிறது. தம் மனத்துக்கும் ஒவ்வாத அப்பணியைக் கெனோபி ஏற்றுச் செய்கிறார். மாணவனின் முகத்தில் நம்பிக்கை ஒரு படி இறங்குவதைப் பார்க்கிறோம். 'தி குளோன் வார்ஸ்' என்னும் அசைவோவியத் தொடரில், 2012இல் ஒளிபரப்பான ஒரு கதை இன்னும் வெளிப்படையானது. அவையின் இசைவோடு கெனோபி தாம் இறந்துவிட்டதாக நடித்து, வேற்றுருவில் பகைவரிடையே புகுகிறார். அனக்கினிடம் உண்மை சொல்லப்படவில்லை. அவனுடைய துயரம் மெய்யாகத் தோன்றினால்தான் திட்டம் நம்பப்படும் என்பது காரணம். மாணவனின் கண்ணீரைத் திட்டத்தின் கருவியாக்கிய ஆசானை அம்மாணவன் பின்னர் எப்படி நம்புவான்?

இக்காட்சிகள் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டவை. எனினும் அவை ஒரே திசையில் செல்கின்றன. 1977இன் சொல்லும் 1983இன் சமாதானமும் பின்வந்தோரை உறுத்தியிருக்க வேண்டும். அச்சொல்லைத் திடீரென நேர்ந்த பிழையாக விடாமல், நல்லெண்ணத்தோடு மறைத்து மறைத்துப் பழகிய ஒரு மனிதரின் இயல்பாக அவர்கள் வளர்த்தெடுத்தனர். கெனோபியை வெறும் அறிவுரைக் கிழவராக விடாமல் மனிதராக்கியது இதுவே.

2022இல் வந்த ஒட்டு

2022இல் 'ஓபி-வான் கெனோபி' என்னும் ஆறு பகுதித் தொடர் வெளியாயிற்று. பாலையில் இறைச்சி வெட்டும் கூலியாளாகக் காலந்தள்ளும் கெனோபி, இறுதிப் பகுதியில் வேடரை எதிர்கொள்கிறார். முகமூடி பிளந்து உள்ளிருக்கும் முகம் பாதி தெரிகிறது. கெனோபி மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு வேடர், அனக்கினைக் கொன்றது நீரல்லர், நானே என்று பொருள்பட விடை சொல்கிறான். கதைக் காலப்படி இது குடில் காட்சிக்கு முற்பட்டது. ஆகவே, வேடர் உன் தந்தையைக் கொன்றான் என்று கெனோபி பின்னர் லூக்கிடம் சொன்னது அவர் புனைந்ததன்று, வேடரே சொன்னது என்றாகிறது.

திறமையான ஒட்டுவேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒட்டு ஓட்டையை மூடிவிட்டதா? ஹதீஸ் கலையில் தத்லீஸ் என்றொரு குறை பேசப்படும். அறிவிப்பாளர் பொய் சொல்லமாட்டார். ஆனால் செய்தி தமக்கு யார் வழியே வந்தது என்னும் பலவீனத்தை மறைத்து, கேட்போர் வேறுவிதமாக எண்ணுமாறு அறிவிப்பார். ஷுஉபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (இறப்பு: ஹி. 160) போன்ற திறனாய்வாளர்கள் இதனை மிகக் கடுமையாகக் கண்டித்தனர். கெனோபி இப்போது பொய்யர் என்னும் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, தத்லீஸ் செய்தவர் என்னும் நிலைக்கு வந்திருக்கிறார். வேடரின் சொல்லை, வேடர் சொன்னது என்று கூறாமல், தம் சொல்லாக அறிவித்தார். தாம் அச்சொல்லை நம்பினார் என்பது அவருடைய துயரத்தை விளக்கும். மாணவனுக்கு அது கிடைக்கவில்லை என்பதை மாற்றாது.

மாணவன் கண்டது

கெனோபி உண்மையாகவே நம்பினார் என்பதிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. அவருடைய பிழை சொல்லில் மட்டும் இல்லை, கணிப்பிலும் இருந்தது. அனக்கின் இறந்துவிட்டான், எஞ்சியிருப்பது பெரிதும் இயந்திரமே, அவனில் மீட்கத்தக்கது எதுவுமில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தந்தையைக் கொல்ல மாட்டேன் என்று லூக் சொன்னபோது, அப்படியானால் பேரரசன் வென்றுவிட்டான் என்றே அவர் கருதினார். லூக் ஆசானின் முடிவை ஏற்கவில்லை. பேரரசனின் முன்னிலையில் வாளை வீசியெறிகிறான். தந்தையின் மனம் திரும்புகிறது. பேரரசனை வீழ்த்தியவன் அத்தந்தையே. ஆசான்கள் இருவரும் காணாத ஒன்றை மாணவன் கண்டான்.

இதனால் கெனோபி சிறுத்துவிட்டாரா? இல்லை என்றே கருதுகிறோம். தன்னைத் தாக்க வந்தவனிடத்தில் நல்லது இருக்கக்கூடும் என்று நம்பும் பண்பை லூக்கிடம் வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு. 2017இல் 'ரெபெல்ஸ்' தொடரில், தம் ஆசானைக் கொன்ற மால் என்னும் பழம்பகைவன் பாலையில் தம்மைத் தேடி வந்தபோது, அவனை வீழ்த்திய கெனோபி அவன் உயிர் பிரியும்வரை தாங்கிப் பிடித்திருக்கிறார். அக்கனிவு பகைவனுக்கும் கிடைத்தது. அவர் தவறியது அன்பில் அன்று. அன்பு கொண்டவரிடம் உண்மையை ஒப்படைக்கும் துணிவில்.

இதனை எழுதுகையில் நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றை மறைப்பது முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில், மாணவர் ஒருவரின் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தகப்பனார் நோயுற்றுப் படுத்திருக்கிறார். தேர்வு முடியும்வரை மகனிடம் சொல்ல வேண்டாம் என்றனர். அன்று மாலை அம்மாணவர், வீட்டிலிருந்து ஏதேனும் செய்தி உண்டா என்று கேட்டார். அனைவரும் ஸலாம் சொன்னார்கள் என்றோம். ஸலாம் சொன்னது உண்மைதான். மறுநாள் நோய் முற்றிவிட்டதாக மீண்டும் செய்தி வந்தது. எஞ்சியிருந்தது ஒரே தேர்வு. அது முடியட்டும் என்று நாமே தீர்மானித்தோம். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. இன்றும் காணும்போது எழுந்து நின்று ஸலாம் சொல்கிறார். முதல் நாள் மறைத்ததற்கு நாம் வருந்தவில்லை. இரண்டாம் நாள் மறைத்ததற்கு வருந்துகிறோம்.

வகுப்பில் எழுந்து கேட்ட மாணவருக்கு நம் விடை இது. அம்முதியவர் சொன்னது மஜாஸ் அன்று; கரீனா இல்லை. அது தவ்ரியா, ஆனால் ஆளக்கூடாத இடத்தில் ஆண்ட தவ்ரியா. முதல் நாளில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாணவன் புறப்பட்டு நின்ற நாளில் அதன் விளக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வரும் கல்வியாண்டில் அப்பாடத்தை மீண்டும் நடத்தும்போது, நூலிலுள்ள சான்றுகளோடு இதனையும் சொல்ல எண்ணியிருக்கிறோம்.